பிரேக்கைப் பார்த்தார்கள், போனைப் பார்க்கவில்லை

சாலை விபத்துக்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் என்னென்ன நடக்கும் என்று ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டியைக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் ஒழுங்காகத் திரும்புகிறதா, டயர் எப்படி இருக்கிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு, விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல என்று எழுதிக் கொடுப்பார். டிரைவர் குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்வார்கள், சந்தேகம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் சேரும். இவ்வளவும் முடிந்து டிரைவர் ஜாமீனில் வீட்டுக்குக் கிளம்பும்போது, அவர் சட்டைப் பையில் இருக்கும் போனும் அவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்விடும். அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் போனைப் பற்றித்தான். வண்டி ஓட்டிக்கொண்டே மெசேஜ் அனுப்பி ஒரு ஆளை அடித்துத் தூக்கிப் போட்டால் என்ன தண்டனை என்று கேட்டால், நம்மில் பெரும்பாலானவர்கள் "ஆயிரம் ரூபாய் ஃபைன், அவ்வளவுதான்" என்பார்கள். அப்புறம், "தூக்கி உள்ளே போடணும் சார்" என்பார்கள். உள்ளே போடுவதற்கு வேண்டிய சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பிரிவு எண்களாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 184ஆவது பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதைப் பற்றியது. 2019இல் வந்த திருத்தம், ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பயன்படுத்துவதையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதே வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. முதல் முறைக்கு 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம். இது யாருக்கும் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் பொருந்தும். சாலை ஓரத்தில் மறித்து சலானில் ஆயிரம் ரூபாய் போடுகிறார்களே, அது இந்தப் பிரிவின் அடிமட்டத் தொகைதான். இந்தப் பிரிவில் சிறை என்று ஒரு வார்த்தை இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. லைசென்ஸை நிறுத்திவைக்கவும் வழி உண்டு. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, போன் பேசிக்கொண்டு ஓட்டுபவர்களின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதமாவது முடக்கச் சொல்லி 2015லேயே மாநிலங்களுக்கு எழுதியது.

யாருக்காவது அடிபட்டால் கதை குற்றவியல் சட்டத்துக்குப் போகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. பொது வழியில் அஜாக்கிரதையாக ஓட்டுவது 281, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம். அதனால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125இன் உட்பிரிவு, மூன்று ஆண்டு வரை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை. உயிர் போனால் 106இன் முதல் உட்பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். பழைய சட்டத்தில் இதுதான் 304ஏ, அதிகபட்சமே இரண்டு ஆண்டுதான். ஆக, இரண்டு ஐந்தாகிவிட்டது. டாக்டர்களுக்கு மட்டும் சிகிச்சையில் நடக்கும் அலட்சியத்துக்கு அதே இரண்டு ஆண்டாக வைத்துக்கொண்டார்கள், அது தனிக் கதை.

அதே 106இல் இரண்டாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. அடித்துவிட்டுப் போலீசுக்கும் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து ஆண்டு வரை. 2024 ஜனவரி தொடக்கத்தில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்து, வட மாநிலங்களில் பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகள் மைல் கணக்கில் நின்றது ஞாபகம் இருக்கும். அதற்குக் காரணம் இந்த உட்பிரிவுதான். அரசு இறங்கி வந்தது. சட்டத்தின் மற்ற பகுதிகள் அமலுக்கு வந்தபோது இதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

இந்த 281, 125, 106 எதிலும் போன் என்ற பேச்சே கிடையாது. 184இல் போன் இருக்கிறது, ஆனால் காயமும் சாவும் இல்லை. 106இல் சாவு இருக்கிறது, போன் இல்லை. இரண்டையும் சேர்த்து, இந்த ஆள் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அந்த ஆள் செத்தார் என்று காட்ட வேண்டியது விசாரணை அதிகாரியின் வேலை. அந்த வேலைதான் நடப்பதில்லை.

என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு கார் அடித்தது. இடது தொடை எலும்பு உடைந்து கம்பி வைத்தார்கள். காரை ஓட்டிவந்தது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பையன். எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அக்காதான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர். எனக்கு அவர் சொன்னது இது: பையன் இறங்கித் தலையில் கைவைத்து நிற்கிறான், கார் கதவு திறந்து கிடக்கிறது, பெடலுக்குப் பக்கத்தில் போன் விழுந்து கிடக்கிறது, அதில் வாட்ஸ்அப் பச்சை தெரிகிறது, கீபோர்டு திறந்தபடியே இருக்கிறது. "பாதி அடிச்சுட்டு இருந்திருக்காம்ப்பா, நான் கண்ணால பார்த்தேன்" என்றார். போலீசிடமும் இதையேதான் சொன்னாராம்.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தால், கார் டிரைவர் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டிவந்து மோதியதாக இருந்தது. தமிழ்நாட்டில் எந்த விபத்து எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் இந்த இரண்டு வார்த்தையும் ஜோடியாக வரும். அக்காவின் வாக்குமூலத்திலும் போன் இல்லை. ஏட்டைக் கேட்டேன். கோபப்படவெல்லாம் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார்: "அதெல்லாம் எதுக்கு சார், கேஸ் ஸ்ட்ராங்காத்தான் இருக்கு. அவன் மேலதான் தப்புன்னு எழுதியாச்சு. போனைச் சேர்த்தா அதை நிரூபிக்கணும், ஃபாரன்சிக்குக்கு அனுப்பணும், ரிப்போர்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, அதுவரைக்கும் சார்ஜ் ஷீட் போட முடியாது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் வக்கீலும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அவருக்கு வேண்டியது நஷ்டஈட்டு வழக்கு. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் எதிர்ப்பக்கம் அலட்சியமாக ஓட்டினார் என்று எஃப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும் காட்டினால் பெரும்பாலும் போதும், ஏன் அலட்சியம் என்று யாரும் குடைய மாட்டார்கள். "தம்பி, கேக்குற காசு வரணுமா, அவன் ஜெயிலுக்குப் போகணுமா? ரெண்டும் வேற வேற ரூட்டு" என்றார்.

குற்றவியல் வழக்கு ஒரே வாய்தாவில் முடிந்தது. அது பழைய சட்டக் காலம், அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 279, கொடுங்காயத்துக்கு 338. மாஜிஸ்திரேட் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார், பையன் "ஒத்துக்கறேன் ஐயா" என்றான். பிரிவுக்கு ஆயிரம் வீதம் இரண்டாயிரம் ரூபாய் அபராதம், கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்கு முன்னும் பின்னும் சூதாட்டக் கேஸ், ஹெல்மெட் கேஸ் என்று வரிசையாக ஆட்கள். அவன் கெட்ட பையன் என்றும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தான், சித்தப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்று அழுதான். சித்தப்பா அவனைப் பார்த்து, "யாருக்குடா தம்பி மெசேஜ்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லவில்லை.

அப்புறம்தான் திருப்பம். தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், சித்தப்பா இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடந்தார், அதனால் தவறில் அவருக்கும் பங்குண்டு என்று வாதாடினார். அங்கே கேமரா இல்லை. டீக்கடை அக்கா சாட்சி சொன்னார், ஆனால் போலீஸ் வாக்குமூலத்தில் போன் பற்றிச் சொல்லாததை இப்போது புதிதாகச் சொல்கிறார் என்று குறுக்கு விசாரணையில் மடக்கிவிட்டார்கள். அவர் சொன்னார், போலீஸ் எழுதவில்லை, அவ்வளவுதான். கடைசியில் சித்தப்பா மீதும் ஒரு பங்கு தவறு என்று நஷ்டஈட்டில் கால்வாசியைக் கழித்தார்கள். தேவையே இல்லை என்று எல்லோரும் சொன்ன அந்தப் போன் எங்களுக்குத் தேவைப்பட்டது அப்போதுதான். அதற்குள் அழைப்பு விவரங்களை எடுக்கும் காலமும் தாண்டிப் போயிருந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அவற்றை இரண்டு ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும். அதுவே 2021 டிசம்பரில்தான் ஓராண்டிலிருந்து இரண்டாக ஆனது.

ஆக ஏட்டுக்குப் போன் வேண்டாம், சார்ஜ் ஷீட் தள்ளிப்போகும். நம் வக்கீலுக்கு வேண்டாம், எஃப்.ஐ.ஆரே போதும். மாஜிஸ்திரேட்டுக்கு வேண்டாம், பையன் ஒப்புக்கொண்டாயிற்று. இன்சூரன்ஸ்காரருக்குச் சுத்தமாக வேண்டாம். இதில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். நாடு முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்பதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வருடாந்திர அறிக்கையே சாட்சி. 2022இல் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் எழுபது சதவீதத்துக்கும் மேல் அதிவேகம் என்ற கணக்கில் போகிறது. போன் கணக்கில் வருவது 3,395. அதற்கு முந்தைய வருடம் அதே போன் கணக்கில் 1,040 பேர்தான். ஒரே வருடத்தில் மக்கள் மூன்று மடங்கு போன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களா என்ன? எங்கோ சில இடங்களில் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நம் கையில் இருப்பது போனால் செத்தவர்களின் எண்ணிக்கை அல்ல, போன் என்று யாரோ எழுதிவைத்தவர்களின் எண்ணிக்கை.

வேகம் என்பதும் முழுப் பொய் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் தாண்டுகிறார். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் லாரி டிரைவர்களைக் கேமரா வைத்துப் பார்த்தபோது, மெசேஜ் அடிக்கும் ஆறு விநாடியில் நான்கரை விநாடிக்கு மேல் கண் சாலையில் இல்லை என்று தெரிந்தது. கணக்குப் போட்டால் நூறு மீட்டர். அந்த நூறு மீட்டருக்குள் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி தாராளமாகக் குறுக்கே வரும்.

நிரூபிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2008 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். எஞ்சின் ஓட்டுநர் சிவப்பு சிக்னலைத் தாண்டியிருந்தார். மோதலுக்கு 22 விநாடி முன்பு அவர் கடைசி மெசேஜை அனுப்பியிருக்கிறார் என்று போன் பதிவுகளை வைத்து விசாரணையில் கண்டுபிடித்தார்கள். அவரும் அந்த விபத்திலேயே இறந்துவிட்டதால் வழக்கு என்று ஒன்று இல்லை. அது எஸ்.எம்.எஸ். காலம், கம்பெனியிடம் எல்லாப் பதிவும் இருந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புவது சிம் கம்பெனியின் அழைப்பு விவரத்தில் வராது, டேட்டா ஓடியது மட்டும்தான் தெரியும். அதனால் போனையே கைப்பற்றினால்தான் உண்டு. அதிலும் முதல் சில மணி நேரத்துக்குள். பையன் வீட்டுக்குப் போய் ஒரு வாட்ஸ்அப் மெசேஜை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இங்கிலாந்தில் 2016 ஆகஸ்டில் ஏ34 நெடுஞ்சாலையில் ஒரு லாரி டிரைவர் போனில் பாட்டு மாற்றிக்கொண்டே போய், நின்றுகொண்டிருந்த வண்டிகள் மீது ஏற்றினார். ஒரு அம்மாவும் மூன்று பிள்ளைகளும் ஒரே காரில் இறந்துபோனார்கள். ஓட்டும்போது போனைத் தொட மாட்டேன் என்று அன்றைக்குத்தான், ஒரு மணி நேரம் முன்பு, முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருந்தார். லாரிக்குள் இருந்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. ஒப்புக்கொண்ட பிறகும் பத்து ஆண்டு சிறை. அது போன்ற வழக்குகளால் எழுந்த கோபத்தில் ஆபத்தான ஓட்டத்தால் மரணம் விளைவிப்பதற்கான உச்ச தண்டனையை 14 ஆண்டிலிருந்து ஆயுள் தண்டனையாக 2022இல் உயர்த்தினார்கள். நான் பார்ப்பது உச்சவரம்பை இல்லை. அங்கே போன் ஃபைலுக்குள் வந்தது, அதனால் தண்டனையும் வந்தது.

நம் ஊரில் வரம்பை உயர்த்தி என்ன ஆகப்போகிறது என்பதற்கு ஒரு உதாரணம். பஞ்சாபில் இரண்டு பேர் இறந்த ஒரு விபத்தில் கீழ்க்கோர்ட் கொடுத்த ஓராண்டு தண்டனையை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே அனுபவித்த 24 நாளாகக் குறைத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டு ஆறு மாதம் ஆக்கியது, 304ஏ பிரிவையே திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. கடிந்துகொண்ட பிறகும் ஆறு மாதம்தான், கவனியுங்கள். அப்போதைய உச்சவரம்பான இரண்டு ஆண்டே தொடப்படவில்லை, ஐந்து ஆண்டு எங்கே தொடப்படப் போகிறது?

குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் கொல்பவர்களை அலட்சியம் என்று விடாமல், உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார்கள் என்று கொலையாகாத மரணப் பிரிவில் தண்டிப்பது நடந்திருக்கிறது. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில் மூன்று ஆண்டு தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. போனுக்கும் அதையே செய்ய வேண்டும், பத்து ஆண்டு வரை போகலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு. தர்க்கம் சரிதான்: குடித்தவனுக்காவது புத்தி மங்கியிருக்கும், டைப் அடிக்கிறவன் முழுத் தெளிவோடு கண்ணை எடுக்கிறான். ஆனாலும் எனக்கு அதில் ஆர்வம் இல்லை. பத்து ஆண்டு என்று பயந்தால் அடித்துவிட்டு நிற்காமல் போகத்தான் தோன்றும், போனைக் கிணற்றில் போடத்தான் தோன்றும். ஊதச் சொல்வது போல, ஆளுக்கு அடிபட்ட ஒவ்வொரு விபத்திலும் போனை வாங்கி சீல் வைப்பது வழக்கமான வேலையாகிவிட்டால், இப்போது இருக்கும் ஐந்து ஆண்டே தாராளம்.

இதில் ஒரு பயம் எனக்கும் உண்டு. நம் ஸ்டேஷன்களில் ஒருவருடைய போனைத் திறந்து கொடுத்தால், விபத்து நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று நம்ப முடியுமா? குடும்பப் படங்கள், பேங்க், யாரோடு என்ன பேசினோம், எல்லாம் அதில்தான். 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அதனால் சீல் வைப்பது போலீஸ், திறப்பது கோர்ட் உத்தரவோடு ஆய்வகம், பார்ப்பது விபத்தை ஒட்டிய பத்து நிமிடத்தை மட்டும் என்று விதி எழுத வேண்டும்.

இன்னொன்று, போனைப் பார்க்கிறவன் மட்டும்தான் குற்றவாளியா என்பது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் ஒரு சிவில் வழக்கில், எதிராளி வண்டி ஓட்டிக்கொண்டே படிப்பான் என்று நன்றாகத் தெரிந்தும் மெசேஜ் அனுப்பியவர்மீதும் பொறுப்பு வரலாம் என்றது. அந்த வழக்கில் அனுப்பியவரை விட்டுவிட்டார்கள், அது வேறு. நம் தெருவில் பைக்கில் சாப்பாடு கொண்டுவரும் தம்பிகளை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் மெசேஜ் பார்ப்பது ஆசைக்காக இல்லை, அடுத்த ஆர்டர் விழுந்தால் சில விநாடிக்குள் தொட வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல், போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் விதி தளர்ந்தது. வழி காட்டும் அதே திரையில்தான் ஆர்டரும் குதிக்கிறது. அடித்தால் கேஸ் பையன் மேல். திரையை அப்படி வடிவமைத்தவர்கள் பெயர் எந்தச் சார்ஜ் ஷீட்டிலும் வராது.

சரி, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்து, ஓட்டியவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சந்தேகம் இருந்தால், நஷ்டஈட்டு வக்கீலைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நேரத்தைப் பிடித்துவையுங்கள். 108க்கு யார் எந்த நிமிடத்தில் கூப்பிட்டார்கள் என்று அவர்கள் போனிலிருந்தே ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பியில் நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். போனைப் பார்த்த சாட்சி இருந்தால் அவர் சொன்னது வாக்குமூலத்தில் ஏறியதா என்று விசாரியுங்கள், ஏறாவிட்டால் அவரையே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு: ஓட்டியவரின் போனைக் கைப்பற்ற வேண்டும், அந்த நம்பரின் அழைப்பு மற்றும் டேட்டா விவரங்களைச் சம்பவ நேரத்துக்குப் பெற வேண்டும் என்று. அழைப்பு விவரம் எஸ்.பி. அலுவலகம் வழியாகத்தான் போகும், அதனால் ஒரு பிரதியை அங்கேயும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஸ்டேஷனில் மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.